வெளியே போகாத பாட்டு

பூட்டிய ஒத்திகை அறைக்குள் தபலாக்காரன் இசக்கிமுத்து இருமினான். "இருப்பா, தொறக்கேன்" என்று சொல்லிக்கொண்டே மடியில் சாவியைத் தேடிய நைனா முகம்மது, வராந்தா ஜன்னல் வழியே தற்செயலாகக் கீழே பார்த்தார். தெருவுக்கு அந்தப் பக்கம், சாயாக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இசக்கிமுத்து பழம்பொரி தின்றுகொண்டிருந்தான். கதவுக்குப் பின்னால் மறுபடியும் அதே பீடிக்கார இருமல், கடைசியில் விசிலடித்து இழுக்கும் அவனுடைய இருமலேதான்.

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்கு மேலே இருந்த மாடியை அவர் வாடகைக்கு எடுத்து நடத்தி வந்தார். முன்னால் ஜமக்காளம் விரித்த கூடம். வெள்ளிக்கிழமைகளில் அங்கே மெஹ்பில் நடக்கும். மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் முதல் வியாபாரி வரை எல்லாரும் தரையில் உட்கார்ந்து பாட்டுக் கேட்பார்கள். பின்னால் காயலைப் பார்த்த சின்ன அறை, ஒத்திகைக்கு. அந்த அறைக்கு ஒரு வழக்கம் உண்டு. ஒத்திகை முடிந்ததும் ஜன்னலைத் திறந்து, கடைசி வரியைக் காயலைப் பார்த்து ஒரு தடவை பாடிவிட்டுத்தான் ஆர்மோனியத்தை மூடுவார்கள். பாட்டை அறைக்குள் விட்டுவிட்டுப் போகக்கூடாது என்பார்கள். கீழே படகில் போகும் வஞ்சிக்காரர்கள் பதிலுக்குக் கூவுவார்கள்.

எழுபத்தொன்பதாம் வருஷ மழைக்காலத்தில் கட்டிடச் சொந்தக்காரர் பக்கத்து வீட்டுக்கே குடிவந்துவிட்டார். வெள்ளிக்கிழமை இரவு மெஹ்பிலைத் தவிர இனி சத்தம் கேட்டால் மாடியைப் பூட்டிவிடுவேன் என்றார். நைனா முகம்மது கிடங்கிலிருந்து பழைய சாக்குகளை வாங்கி, தேங்காய் நாரை அடைத்து, நான்கு சுவரிலும் கூரையிலும் ஜன்னலின் மேலும் கதவின் உள்பக்கத்திலும் நெருக்கி ஆணியடித்தார். உள்ளே தொண்டை கிழியக் கத்தினாலும் வராந்தாவில் கொசு ரீங்காரம்தான். தம் கெட்டிக்காரத்தனத்தை அவரே மெச்சிக்கொண்டார். ஜன்னல் வழக்கம் என்னாவது என்று கேட்டவர்களிடம், வழக்கம் வந்து வாடகை கொடுக்குமா என்றார்.

கத்தினாலும் கேட்காத கதவைத் தாண்டி இருமல் மட்டும் எப்படி வந்தது என்று நினைத்தபடி இப்போது கதவைத் திறந்தார். யாருமில்லை. மூடிய ஆர்மோனியம், துணி போர்த்திய தபலா, சுக்கின் காரநெடியும் மழையில் ஊறிய சணலின் புழுங்கல் வாடையும். அவற்றுக்கு அடியில் இன்னொன்று, வெற்றிலையும் பீடியும் போட்ட வாய் முகத்துக்குப் பக்கத்தில் திறந்தாற்போல ஒரு வெதுவெதுப்பான வாடை. தொண்டையைச் செருமினார். செருமல் வாயைவிட்டு வந்ததும் காணாமல் போயிற்று. சுவர்ச் சாக்கில் கை வைத்தார். அந்த அடைமழையிலும் அது சூடாக இருந்தது. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார், ஏன் என்று தெரியாமலே.

இசக்கிமுத்து மேலே வந்ததும் தபலாவை வெளியே தூக்கிக் கூடத்தில் வைத்துவிட்டான். இனி அந்த அறைக்குள் வாசிக்க மாட்டேன் என்றான். கேட்டதற்கு வாயைப் பொத்தி இருமிக் காட்டினான். நெஞ்சு குலுங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் மட்டும் இல்லை.

"ஒரு மாசமா இப்படித்தான் மொதலாளி. எனக்குப் பயமாட்டு இருக்கு. அந்த ஜன்னலத் தொறந்து விடுங்க."

இருமல் போனால் நல்லதுதானே என்று நைனா முகம்மது சிரித்தார். சிரிப்பு நிற்கவில்லை; எங்கே கொண்டுபோய் நிறுத்துவது என்று அவருக்கே தெரியவில்லை. அந்த மாதம் ஒத்திகைக்கு வந்த பாட்டுக்காரர்கள் ஒவ்வொருவராகத் தொண்டை கட்டிப் பள்ளுருத்திப் பக்கம் வேறு இடம் பார்த்துப் போனது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. மழை, சளி என்று அவரே அவர்களுக்குச் சமாதானம் சொல்லியிருந்தார்.

ஆனாலும் அன்று சாக்கைக் கழற்ற முடியாது. அன்று வெள்ளிக்கிழமை. அவர் மகள் லதீஃபா பாடுவதைக் கேட்க ஆலப்புழையிலிருந்து நாடகக் கம்பெனிக்காரர் வருகிறார். பிடித்துப்போனால் மேடை, ஊர் ஊராகப் பெயர். அந்த ஒரு குரலுக்காகத்தான் இத்தனை வருஷம் ஊரார் பாட்டுக்கெல்லாம் ஜமக்காளம் விரித்தார். ஜன்னலைத் திறந்து அவள் ஒத்திகை பாடினால், கூடம் நிறையுமுன் கட்டிடக்காரர் பூட்டோடு வந்து நிற்பார்.

மதியம் லதீஃபா பாதிப் பாட்டில் வெளியே வந்து தண்ணீர் குடித்தாள்.

"அத்தா, உள்ள பாடுனா தொண்ட காலியாப் போவுது. வெளிய வந்தா முன்னெல்லாம் சரியாவும். இப்ப ஆவல."

அவள் குரல் சுரண்டியெடுத்தாற்போல மெலிந்திருந்தது. இருந்தும் அவர் பனங்கற்கண்டை அவள் கையில் வைத்து, இன்று ஒருநாள் பொறுத்துக்கொள், நாளைக்கே எல்லாச் சாக்கையும் பிய்த்து எறிகிறேன் என்றார். அவள் கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். கதவை அவரே சாத்தினார்.

பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு முடிந்தது. மழை ஓட்டில் இரைந்தது. கூடத்தில் ஈரக் குடைகளும் அத்தர் வாசனையும் நிறைந்தன. கம்பெனிக்காரர் திண்டில் சாய்ந்து கடிகாரத்தைப் பார்த்தார். இசக்கிமுத்து தபலாவை மடியருகே இழுத்துக்கொண்டு வராந்தாவையே பார்த்தான். நைனா முகம்மது மகளை அழைத்துவர எழுந்தார். வராந்தா நீளமாகத் தெரிந்தது. கதவில் காதை வைத்தார். ஒன்றுமில்லை. கதவுப்பலகை சூடாக இருந்தது.

திறந்தார்.

பாட்டு வெளியே கொட்டியது. லதீஃபாவின் குரல். இவ்வளவு நாள் அவள் எட்ட முடியாத இடங்களையெல்லாம் சுலபமாகத் தொட்டு இறங்கும் குரல். கூடத்தில் பேச்சு அடங்கியது. யாரோ மெதுவாக "வாஹ்" என்றார்கள். அவருக்குக் கண் கலங்கியது. அல்லாவே, என் பிள்ளை என்று நினைத்தார்.

பிறகு அவளைப் பார்த்தார்.

ஆர்மோனியத்தின் பின்னால் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். உதடுகள் மூடியிருந்தன.

"லத்தீ."

பாட்டு நிற்கவில்லை. முழங்காலில் விழுந்து அவள் தோளைப் பிடித்தார். குளிர்ந்திருந்தது. கண்கள் அவரைக் கண்டன. அடையாளம் தெரிந்த கண்கள். வாயைத் திறந்தாள். உள்ளிருந்து எதுவும் வரவில்லை. மூக்கின் கீழே விரலை வைத்தார். காற்றில்லை. நெஞ்சைப் பார்த்தார். ஏறவில்லை. இறங்கவில்லை. கண்ணீர் மட்டும் இறங்கியது.

சாக்குகள் அசைந்தன.

நான்கு சுவரும். கூரையும். ஒன்றாக உப்பின. ஒன்றாகத் தணிந்தன. பாட்டின் தாளத்துக்கு.

பாட்டு முடிந்ததும் கூடத்தில் முதல் ஆளாகக் கம்பெனிக்காரர் கை தட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். இன்னொன்று, இன்னொன்று என்றார்கள். லதீஃபா இமைக்காமல் அத்தாவையே பார்த்தாள். அவளைச் சுற்றிச் சுவரெல்லாம் மெல்ல, ஆழமாக, அடுத்த பாட்டுக்கு மூச்சை இழுத்தது.