ஹெட்போனில் கேட்ட கேள்வி

கதை வாசிப்பது அவளுடைய பிழைப்பு. யாரோ எழுதிய புத்தகத்தை ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து வாசிப்பாள். யார் யாரோ பஸ்ஸில் போகும்போது கேட்பார்கள். வீட்டில் கேட்பதற்கு ஒரே ஆள், ஆறு வயது மகள். படுக்கையில் அம்மா "ரெடியா?" என்று கேட்க வேண்டும், மகள் போர்வைக்குள்ளிருந்து "ரெடி!" என்று கத்த வேண்டும், அதற்குப் பிறகுதான் கதை. தொழிலிலிருந்து வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவாளர் ஹெட்போனில் "ரெடியா?" என்பார், இந்தப் பக்கம் "ரெடி" என்றால்தான் பதிவு ஓடும்.

அன்று மதியம் அவள் போன கூடம் ஒரு பழைய கட்டடத்தின் கடைசி மாடியில் இருந்தது. நடைவழியெங்கும் ஈரச் சுவரின் வாடை. பதிவறை அலமாரியைவிடக் கொஞ்சம் பெரிது, அவ்வளவுதான். சுவரெல்லாம் கறுப்பு ஸ்பாஞ்சு. ஒரு நாற்காலி, ஒரு மைக், ஒரு ஹெட்போன். கனத்த கதவைச் சாத்தியதும் வெளியுலகம் நின்றே போனது.

"முதல்ல மூச்சு முட்டுற மாதிரிதான் இருக்கும் மேடம். போகப்போகப் பழகிடும்," என்றார் கூடவே உள்ளே வந்த ஒலிப்பதிவாளர். தொந்தியும் சிரிப்புமான மனிதர்.

"நாலு மணிக்கு விட்டுருவீங்கல்ல சார்? பாப்பாவை ஸ்கூல்லேருந்து கூட்டிட்டுப் போகணும். நான் வர்ற வரைக்கும் கேட்டைப் புடிச்சிட்டு நிப்பா."

அவர் வெளியே போனதும் ஹெட்போனை மாட்டினாள்.

கரகர.

காய்ந்த சருகின் மேல் யாரோ நடப்பது போல ஒரு சத்தம். நின்றது. மறுபடி நடந்தது. கையசைத்து அவரைக் கூப்பிட்டாள்.

"ஒரு நேரத்துல ஒண்ணைத்தான் மாத்தணும்," என்று பாடம் நடத்திக்கொண்டே உள்ளே வந்தார் அவர். "எதை மாத்தினா சத்தம் நிக்குதோ, அதான் குற்றவாளி." ஹெட்போன் பின்னைக் கழற்றித் துடைத்துச் செருகினார். கேபிளை மாற்றினார். ஹெட்போனையே மாற்றினார். அவளுடைய செல்போனை வாங்கி வெளியே தன் மேஜையில் வைத்தார். ஏசியை அணைத்தார். கரகரப்பு எதற்கும் பிடி கொடுக்கவில்லை.

"முன்னாடி வாசிச்ச அம்மாவும் இதையேதான் சொல்லிட்டிருந்தாங்க. அப்புறம் ஒருநாள், வேலையே வேண்டாம்னு கிளம்பிட்டாங்க. திரும்பிக்கூடப் பார்க்கல," என்று சிரித்தார். "சரி, மிச்சம் இருக்கறது லைட்டுதான். மெயினையே அணைச்சுப் பார்க்கறேன். பயப்படாதீங்க."

கதவு மூடியது. விளக்கு போனது.

இருட்டு என்றால் அப்படி ஓர் இருட்டு. தன் கையைத் தானே தொட்டுப் பார்த்துத்தான் நம்ப வேண்டியிருந்தது. ஸ்பாஞ்சிலிருந்து பழைய வியர்வையின் நெடி எழுந்தது. மின்சாரமே இல்லாத ஹெட்போனில் கரகரப்பு மட்டும் நின்றபாடில்லை. அது நெருங்கியது. காதோரம் வந்து மூச்சு வாங்கியது.

"ரெடியா?"

"ரெடி," என்றாள் அவள்.

பழக்க தோஷம். வாய் முந்திக்கொண்டது. பிறகுதான் உறைத்தது, கேட்டது ஆண் குரல் இல்லை என்று.

"மன்னிச்சிடும்மா," என்றது அந்தக் குரல். "ரொம்ப நாளா உள்ளயே கெடக்கேன். நாலு மணிக்கு பாப்பா கேட்டுல நிப்பாதானே? நான் போய்க் கூட்டிக்கறேன்."

விளக்கு வந்தது.

கொசுவலைக்குப் பின்னாலிருந்து பார்ப்பது போல எல்லாம் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தன. மைக்கின் கம்பி வலை என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வலைக்கு அப்பால் நாற்காலியில் அவளே உட்கார்ந்திருந்தாள். அந்த அவள் ஹெட்போனைக் கழற்றி வைத்தாள், புடவையைச் சரிசெய்தாள், கதவைத் திறந்துகொண்டு ஓட்டமும் நடையுமாகப் போய்விட்டாள்.

உள்ளே இருந்தவள் கத்தினாள். வலையைப் பிராண்டினாள். மகளைக் கூப்பிட்டு அழுதாள்.

ஒலிப்பதிவாளர் ஹெட்போனைக் காதில் வைத்துப் பார்த்து முகம் சுளித்தார். "சனியன், இன்னும் அதிகமாயிடுச்சே."

மறுநாள் சாயங்காலம் வரை அவள் ஓயவில்லை. அப்போதுதான் வெளியே ஒரு சின்னச் செருப்புச் சத்தம் கேட்டது.

மேஜையில் மறந்து வைத்த செல்போனை எடுக்க வந்திருந்தார்கள். அம்மா வேடத்தில் வந்தவள் வாசலைத் தாண்டவே இல்லை. முகத்தில் ஈயாடவில்லை. மகளோ அவள் கையை உதறிவிட்டு நேராகப் பதிவறைக்குள் ஓடிவந்து, நாற்காலியில் ஏறி, தலையைவிடப் பெரிய ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"வேண்டாம், கழட்டு!" வாசலிலிருந்து குரல் நடுங்கியது. கால் மட்டும் நகரவில்லை.

"அங்கிள், கரகரன்னு கேக்குது."

"அது அப்படித்தான் பாப்பா. அம்மா உனக்குக் கதையெல்லாம் சொல்வாங்களா?"

"சொல்வாங்க. ஆனா நேத்து சொல்லல. ரெடியான்னு கேக்கவும் இல்ல." குழந்தை மைக்கின் அருகில் முகத்தைக் கொண்டுவந்தது. அதன் மூச்சு வலை முழுக்கப் படர்ந்தது, பென்சில் வாசனையோடு. குரலைத் தாழ்த்திக்கொண்டு ரகசியமாகச் சொன்னது: "அம்மா, நீ கேளு. நான் சொல்றேன்."

ஒரே ஒரு வார்த்தை. "ரெடியா?" என்று கேட்டால் போதும்; விடுதலை. குழந்தையின் உடம்போடு நாற்காலியிலிருந்து அவள் எழுந்துகொள்வாள். இந்த இருட்டுக்குள் யார் வருவார் என்பதும் அவளுக்குத் தெரியும்.

இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். அழுகையையும் விழுங்கினாள். மூச்சைக்கூட விடவில்லை.

ஒலிப்பதிவாளர் தன் ஹெட்போனை அழுத்திக் கேட்டுவிட்டுத் துள்ளினார். "அடடே, நின்னுடுச்சே! சுத்தமா நின்னுடுச்சு. கைராசிக்காரி பாப்பா நீ!"

குழந்தை சிரிக்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் காத்திருந்தது. பிறகு ஹெட்போனைப் பத்திரமாகக் கழற்றி மைக் ஸ்டாண்டில் மாட்டிவிட்டு இறங்கிப் போய், வாசலில் நீண்டிருந்த கையைப் பிடித்துக்கொண்டது.

"நாளைக்கும் வரேன்மா," என்றது.

கையைப் பிடித்திருந்தவள் திடுக்கிட்டுக் குனிந்து பார்த்தாள். குழந்தை அவளைப் பார்த்துச் சொல்லவில்லை. திரும்பி, மைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தது.