ஸ்பாமுக்குப் போகாத முகவரி

எது முதலில் நடந்தது, எது பிறகு என்று இப்போது என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. வெளியே மழை பெய்துகொண்டிருந்ததா என்பதுகூடச் சந்தேகம்தான். அக்கா சொன்னவை மட்டும் அப்படியே காதில் இருக்கின்றன. மற்றவற்றில் என் பயமும் கொஞ்சம் கலந்திருக்கலாம்.

மாமாவின் காரியமெல்லாம் முடிந்து நான் அலுவலகத்துக்குத் திரும்பிய பிற்பகல் அது. மாமா என்றால் அக்காவின் கணவர். கடைகளுக்காக விளம்பர மின்னஞ்சல் அனுப்பும் அந்தச் சிறு நிறுவனத்தை அவர்தான் தொடங்கினார். பழைய கட்டடத்தின் மாடி. ஜன்னலைத் திறந்தால் பக்கத்துச் சுவர்; பகலிலும் விளக்கு எரியவேண்டும். உள்ளே அக்காவும், விளம்பர வாசகம் எழுதும் கவிஞரும் உட்கார்ந்திருந்தார்கள். கவிஞர் கவிதை எழுதியவரல்ல. மெத்தையைப் பற்றி உருகி உருகி எழுதியதால் வந்த பட்டப்பெயர்.

"எல்லாம் ஸ்பாமுக்குப் போகுதுடா," என்றாள் அக்கா. "மெத்தைக்கடைக்காரர் இந்த மாசத்தோட நிறுத்திக்கிறேன்னுட்டார். அவரும் போயிட்டா கம்பெனியே இல்ல."

"நான் எழுதறத ஸ்பாம் மட்டும்தான் ரசிச்சுப் படிக்குது," என்றார் கவிஞர்.

யாரும் சிரிக்கவில்லை.

புதிய முகவரியிலிருந்து திடீரென்று ஆயிரக்கணக்கில் அனுப்பினால் மின்னஞ்சல் சேவைகள் நம்பாது. எல்லாம் ஸ்பாம் என்கிற குப்பைப் பெட்டியில் விழும். கொஞ்சம் கொஞ்சமாக அனுப்பி, பெறுகிறவர்கள் திறந்து, படித்து, முகவரிக்கு நல்ல பெயர் சேரவேண்டும். சூடேற்றுவது என்போம். மாமாவின் சொந்த முகவரி அப்படிப் பல வருடங்களாகச் சூடேறியது. அதிலிருந்து போன எதுவும் ஸ்பாமில் விழுந்ததே இல்லை.

"அவர் பேர்லயே அனுப்பிடலாம்," என்றாள் அக்கா.

"அவர்தான் போயிட்டாரேக்கா."

"முகவரி இருக்கில்ல."

மெத்தைக்கடையின் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பினோம். 'வாங்க, வந்து படுத்துப் பாருங்க' என்று கவிஞர் எழுதிய சாதாரண அழைப்பு.

ஒன்றுகூட ஸ்பாமுக்குப் போகவில்லை. அத்தனை பேரும் திறந்தார்கள். எங்கள் தொழிலில் நடக்காத காரியம் அது. பிறகு பதில்கள் வரத் தொடங்கின. விளம்பரத்துக்கு யார் பதில் போடுவார்கள்? எல்லாவற்றிலும் ஒரே வார்த்தை.

'வர்றேன்.'

அறையில் தலைவலித் தைலத்தின் வாசனை எழுந்தது. மாமா நெற்றியில் தடவிக்கொள்ளும் தைலம். மூவரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

மெத்தைக்கடைக்காரர் தொலைபேசியில் கத்தினார். "வர்றேன் வர்றேன்னாங்களே, ஒரு ஈ காக்கா வரல!"

அடுத்து ஒரு பெண் அழைத்தாள். அவள் கத்தவில்லை.

"எங்கம்மா உங்களுக்குப் பதில் போட்டுட்டு, அடுப்பக்கூட அணைக்காம வெளிய போனாங்க. எங்கேங்க வரச் சொன்னீங்க?"

அதன்பின் அப்படிப்பட்ட அழைப்புகள் ஓயவேயில்லை.

மாமாவின் கணக்குக்குக் கடவுச்சொல்லை மாற்றினேன். மின்னஞ்சல்கள் தாமாகவே போய்க்கொண்டிருந்தன. கவிஞரின் வாசகம் சுருங்கிச் சுருங்கி, 'வாங்க' மட்டும் மிஞ்சியது. அதைப் பார்த்த கவிஞர் பையை எடுத்துக்கொண்டு, சொல்லாமல் இறங்கிப் போனார்.

பிறகு அக்காவுக்கும் வந்தது.

'நீ இன்னும் வரலையே.'

மின்னஞ்சல்களை ஸ்பாமிலிருந்து தப்பிக்கவைப்பதுதான் என் வேலை. இப்போது ஒரே ஒரு முகவரியை அதில் தள்ளப் போராடினேன். யாரும் பயன்படுத்தாத எங்கள் சோதனைக் கணக்குகளுக்கு, மாமாவின் முகவரியிலிருந்து லாட்டரி, இலவசம், கோடீஸ்வரன் என்று குப்பையாகக் கொட்டினேன். ஒவ்வொன்றையும் ஸ்பாம் என்று குறித்தேன். அதன் பெயர் கெட்டால் போதும், அக்கா பிழைத்துக்கொள்வாள்.

குறித்தவை எல்லாம் இன்பாக்ஸுக்குத் திரும்பி வந்தன.

ஆளில்லாத அந்தக் கணக்குகளிலிருந்தும் பதில் வந்தது.

'வர்றேன்.'

கணக்கையே அழித்தேன். அழித்த கையோடு அக்காவின் செல்பேசி அதிர்ந்தது.

"அக்கா, திறக்காத."

"திறந்துட்டேன்டா."

"பதில் போடாதக்கா. உன் கால்ல வேணா விழறேன்."

அவள் லேசாகச் சிரித்தாள். "யாராவது ஒருத்தர் பதில் போடமாட்டாங்களான்னு அவர் எத்தன வருஷம் தவம் கிடந்தார். என்னையே போடாதங்கறியே."

அவள் விரல் திரையில் நகர்ந்தது. நான் கதவை மறித்து நின்றேன். என்னைத் தாண்டி எப்படிப் போனாள் என்பது நினைவில் இல்லை. மாடிப்படியில் இறங்கும் சத்தம் மட்டும் கேட்டது.

படிகள் முடிந்திருக்கவேண்டும்.

சத்தம் இறங்கிக்கொண்டே இருந்தது.

அக்கா கிடைக்கவில்லை. பதில் போட்ட மற்றவர்களும் கிடைக்கவில்லை. போலீஸ் தேடுவதை நிறுத்திவிட்டது. மெத்தைக்கடை பூட்டிக் கிடக்கிறது. கவிஞர் வேறெங்கோ இருக்கிறார், செல்பேசி வைத்துக்கொள்வதில்லையாம். நான் ஒரு கிடங்கில் மூட்டை எண்ணுகிறேன். எனக்கென்று மின்னஞ்சல் முகவரி எதுவும் இல்லை. நேற்று கிடங்கின் கணினியைத் திறந்தபோது இன்பாக்ஸில் முதலாவதாக ஒன்று இருந்தது. அக்காவின் முகவரியிலிருந்து.

'வாடா தம்பி.'

நான் இன்னும் பதில் போடவில்லை.