மேலே விட்ட இடைவெளி

எங்கள் தெருவில் பல் துலக்கியதும் எல்லோரும் கோட்டுத்திரை முன்னால் வந்து நிற்பார்கள். வீடுகளுக்கு அடியில் கடல்நீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை அந்தத் திரையில் ஒரு நீலக் கோடு காட்டும். எண்கள் இருக்காது. எண்கள் இருந்த காலத்தில் ஆளுக்கொரு கணக்குச் சொல்லிச் சண்டை போட்டார்களாம். இப்போது விதி எளிது: கோடு திரையின் மேல்விளிம்பைத் தொட்டால் தெரு காலியாக வேண்டும். மேட்டுக் குடியிருப்பில் இடம் பதிந்தவர்கள் அங்கே போகலாம். மற்றவர்களுக்குப் படகுதான்.

அந்தக் கோட்டை வரைபவள் நான். மாலை வகுப்பில் வரைபட மென்பொருள் படிப்பதால் வேலையை என்னிடம் தந்தார்கள். கோடு விளிம்பில் உரசினால் பார்க்க நன்றாக இருக்காது, கொஞ்சம் ஓர இடைவெளி விடுங்கள் என்று வகுப்பில் சொன்னார்கள்; விட்டேன். உணரிகளிலிருந்து வரும் தரவைத் திரும்பத் திரும்பச் சரிபார்ப்பேன். கோட்டின் நிறம் பற்றிக்கூட எனக்குச் சந்தேகம் வரும். அச்சின் எல்லையை, அதாவது திரையின் மேல்விளிம்பு எந்த நீர்மட்டத்தில் நிற்கிறது என்பதைப் பற்றி மட்டும் வந்ததில்லை.

புஷ்பம் அக்கா இட்லிக் கடை வைத்திருப்பவர். மேட்டில் பதிந்திருந்த இடத்தைப் போன வாரம் விட்டுக்கொடுக்கும் முன், அது தேவைப்படுமா என்று என்னிடம் கேட்டார். மேலே நிறைய இடைவெளி இருக்கிறது என்று காட்டினேன்.

இன்று வகுப்பில் ஆசிரியர் ஒரு பயிற்சி தந்தார். அச்சின் எல்லையை மென்பொருளே முடிவு செய்யும்படி 'ஆட்டோ' அமைப்பில் விட்டால், தரவு ஏற ஏற மென்பொருளும் மேல்விளிம்பை உயர்த்தி, மேலே இடைவெளி விட்டுக்கொண்டே இருக்கும். "அப்ப கோடு எந்தக் காலத்துலயும் தொடாதே சார்," என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

திரும்பி வந்து பார்த்தால், நம் தெருத் திரையும் ஆட்டோவில்தான் இருந்தது. மேல் எல்லையை அபாய மட்டத்தில் நிறுத்தினேன். கோடு ஏறி, விளிம்பைக் கடந்து, திரையை விட்டே போய்விட்டது. தெருவைக் காலி செய்யச் சொல்லும் சங்கை அழுத்திவிட்டு அக்காவின் கடைக்கு ஓடினேன். மேட்டில் இடமெல்லாம் நிரம்பிவிட்டது என்று வழியிலேயே கேள்விப்பட்டேன்.

"அக்கா, தப்பு என்னோடது. தண்ணி ஏறுனப்பல்லாம் விளிம்பும் கூடவே ஏறியிருக்கு. நான் பாக்கல."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் அடுப்பை அணைத்தார்.

"உனக்கு மேட்டுல எடம் இருக்கா?"

"இருக்கு."

"எடம் பதிஞ்ச ஒரு ஆளு கூட ஒரு சின்னப் பிள்ளைய சேத்துக்கலாம்லா?"

"சேத்துக்கலாம்."

மாவுப் பானைக்குப் பின்னால் விளையாடிக்கொண்டிருந்த மகள் ஜெயந்தாவை இழுத்து, தலையை முந்தானையால் துடைத்து, என் பக்கம் தள்ளினார். "அப்ப இவள உன் பிள்ளைன்னு பதிஞ்சுக்கோ. சாயங்காலம் பால் குடுத்தா வாந்தி எடுப்பா, குடுக்காத."

என் இடத்தில் நீங்களே இவளோடு போங்கள் என்று சொல்ல வாய் திறந்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதைச் சொல்லாமல், சரி என்று தலையாட்டினேன்.