துடைக்காமல் ஏழு நாள்

அன்று காலை நான் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தபோது தூறிக்கொண்டிருந்தது. மூன்று மாடிக்கும் படிதான். என் ஈரச் செருப்பின் சத்தம் என்கூடவே ஏறி வந்தது. மழை நாளில் அந்தப் பழைய கட்டிடத்தில் ஊறிப்போன அட்டைப்பெட்டியின் வாசனை அடிக்கும். என் மேசையில் ஒரு சின்ன வெள்ளைப் பெட்டி காத்திருந்தது.

"வந்துடுச்சு உன் பிள்ளை. நான்தான் சீல் உடைச்சேன். முதல் நாள் படம் எடுத்தாச்சு, பளபளன்னு இருக்கு. இனிமே நாற வைக்கிறது உன் பொறுப்பு" என்றார் கேமராக்காரர்.

மலிவான பொருள்களை வாங்கிப் பயன்படுத்திப் பார்த்து எங்கள் இணையதளத்தில் எழுதுவதுதான் எங்கள் வேலை. அதற்கு ஆசிரியர் ஒரு விதி வைத்திருந்தார். ஏழு நாள், நாளுக்கு எட்டு மணி நேரம், நடுவில் துடைக்கவோ கழுவவோ கூடாது. முதல் நாளும் நான்காம் நாளும் ஏழாம் நாளும் படம் எடுக்க வேண்டும். மற்றவர்கள் புதுசாக மின்னும் பொருளைக் காட்டுகிறார்கள், நாம் அது வாசகரின் சட்டைப்பையில் ஒரு வாரம் கிடந்தபின் எப்படி இருக்கும் என்று காட்டுவோம் என்பார். அதனால்தான் எங்களுக்கு அத்தனை வாசகர்கள்.

இந்த முறை வந்திருந்தது கம்பியில்லாத இயர்பட் ஒரு ஜோடி. மாத்திரை டப்பா அளவில் அதன் சார்ஜ் பெட்டி. பட்டாணியைவிடச் சற்றே பெரிய இரண்டு வெள்ளை உருண்டைகள், நுனியில் ரப்பர்.

அலுவலகத்தில் யாருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. என் வலது காது கேட்காது. ஏழு வயதில் வந்த காய்ச்சல் அதைக் கொண்டுபோய்விட்டது. எனக்கு இருப்பது இடது காது ஒன்றுதான். அதைச் சொன்னால் ஒலிக்கருவிகளை என்னிடம் தரமாட்டார்கள். ஆகவே நானே ஒரு வழி வைத்திருந்தேன். இடது இயர்பட்டை இடது காதில் வைத்துக் கேட்பேன். பிறகு வலது இயர்பட்டைத் தலைகீழாகத் திருப்பி அதே இடது காதில் செருகிக் கேட்பேன். இரண்டையும் ஒப்பிட்டு 'இரு பக்கமும் சமமான ஒலி' என்று எழுதிவிடுவேன். ஐந்து ஜோடிகளுக்கு இப்படித்தான் எழுதியிருக்கிறேன். ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

முதல் நாள் மாலை, பேருந்து நிறுத்தம். இடது காதில் பாட்டு. வலது காதில் சும்மா பேருக்கு ஒன்று.

அந்த வலது காதில் ஒரு வாய் திறந்தது.

வேறு எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. ஒட்டிக்கிடந்த உதடுகள் பிரிந்தன. அண்ணத்திலிருந்து ஒரு நாக்கு மெல்ல உரிந்து வந்தது. எச்சில் கூட்டி விழுங்கும் சத்தம், மிக அருகில். அதைப் பிடுங்கக் கை போனது.

அடுத்த நொடி கண் நிறைந்துவிட்டது. வலது பக்கம். பத்தொன்பது வருடங்களுக்குப் பிறகு வலது பக்கத்திலிருந்து ஒரு சத்தம்.

பாட்டை நிறுத்தினேன். இடது இயர்பட்டைக் கழற்றினேன். சத்தம் போகவில்லை. அந்த நேரம் பார்த்து அக்கா அழைத்தாள்.

"எங்கடி இருக்க? வரும்போது முட்டை வாங்கிட்டு வா. போன தடவை மாதிரி உடைச்சு எடுத்துட்டு வந்தேன்னா, மிச்சத்தையும் உன் தலையிலயே உடைப்பேன்."

அந்தக் குரலை வலது காதில் கேட்டேன். யாரோ வாயில் போட்டுக் குதப்பி, ஈரத்தோடு திருப்பித் தந்த மாதிரி வந்தது. ஆனாலும் அக்காவின் குரல். நான் அந்தக் காதைக் கையால் பொத்திக்கொண்டேன்.

"என்னடி, லைன்ல இருக்கியா, செத்துட்டியா?"

"இருக்கேன்க்கா. இன்னும் கொஞ்சம் திட்டு."

இரண்டாம் நாள், மூன்றாம் நாள். குறிப்பேட்டில் ஒழுங்காக எழுதி வந்தேன். ஒரு முறை சார்ஜ் செய்தால் ஐந்து மணி நேரம் பத்து நிமிடம். படி ஏறும்போது கழன்று விழவில்லை. சமையலறையில் குக்கர் சத்தத்துக்கு நடுவிலும் பேச்சு புரிகிறது. எழுதாமல் விட்டவையும் இருந்தன. காலையில் பெட்டியைத் திறக்கும்போது வலது இயர்பட் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. அதன் ரப்பர் நுனி ஊறிப்போன தோல் மாதிரி நொளநொளத்தது. ஒலி வரும் சின்னக் கம்பி வலை மேல் மஞ்சளாக ஒரு பசை. என் வலது காதில் அழுக்கே சேராது, அது சிறு வயதிலிருந்து காய்ந்த ஓட்டை. வாசனையும் வந்தது. பல் துலக்காத வாய் ஒன்றை நாள் முழுக்க மூடி வைத்திருந்து, என் முகத்துக்கு நேரே திறந்தது போல.

துடைக்கக் கைக்குட்டையை எடுத்தேன். விதி ஞாபகம் வந்தது. அந்த விதியை மீறியிருக்கலாம், யாருக்குத் தெரியப்போகிறது? உண்மை என்னவென்றால், துடைத்தால் அந்தக் காது மறுபடி செத்துவிடுமோ என்று பயந்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே செருகினேன். வாய் திறந்துகொண்டது.

நான்காம் நாள் கேமராக்காரர் பெட்டியின் மூடியைத் திறந்தார். மூடிக்கும் வலது இயர்பட்டுக்கும் நடுவே ஒரு பசை நூல் இழுபட்டு, நடுவில் தொய்ந்து, அறுந்தது.

"கருமம்! காதா இது, கழிவுத் தொட்டியா?"

"சளி பிடிச்சிருக்குண்ணா" என்று உளறினேன்.

அவர் படத்தைத் திரையில் பெரிதாக்கினார். வலையின் ஒவ்வொரு துளையிலும் ஒரு குமிழி. நாங்கள் பார்த்துக்கொண்டிருந்தது அசையாத படம், நல்ல வேளை. அவருடைய கேலி நின்றுவிட்டது.

"எனக்கு ரெண்டு பிள்ளைங்கம்மா. காதழுக்கு எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். இது எச்சில்."

"வாயில போட்டுட்டேனோ என்னவோ, மறதியா."

"நீ வேலையை ரொம்பத்தான் நேசிக்கிற" என்றவர், அந்த மேசையை இரண்டு முறை துடைத்தார். பிறகு தன் கையையும்.

தவறு ஐந்தாம் நாள் நடந்தது. விடுமுறை நாள், பட்டப்பகல். சமையலறை மேடையில் நானும் குறிப்பேடும். 'இரு பக்க ஒலி ஒப்பீடு' என்ற கட்டம் காலியாக இருந்தது. என் வலது காதுதான் இப்போது கேட்கிறதே, அப்படியே ஒப்பிட்டிருக்கலாம். ஆனால் கை பழகியிருந்தது. ஐந்து ஜோடிகளுக்குச் செய்ததைத் தானாகவே செய்தது. வலது இயர்பட்டைத் திருப்பி, இடது காதில் செருகியது.

நொளுக்கென்று உள்ளே போனது.

உணர்வதற்குள் அது நடந்துவிட்டது. ஏதோ ஒன்று இயர்பட்டை விட்டு இறங்கியது. வெதுவெதுப்பாக, மெதுவாக, இடம் பார்த்துக்கொண்டு.

பிடுங்கி எறிந்தேன். அது மேடையில் உருண்டு நின்றது.

காதுக்குள் யாரோ எதையோ மெல்லத் தொடங்கினார்கள்.

நான் எதையும் தின்றுகொண்டிருக்கவில்லை. தாடையை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். மெல்லும் சத்தம் நிற்கவில்லை. அவசரமில்லாமல், வாயை மூடாமல், ருசித்து மெல்லுகிற சத்தம். நடுநடுவே பல்லிடுக்கில் நாக்கு போய்த் தேடியது. பிறகு மறுபடி மென்றது.

மறுநாள் காலை அக்கா பேசியது பாதிதான் கேட்டது. குழாய்த் தண்ணீரின் சத்தம் எங்கோ பக்கத்து வீட்டில் விழுவது போல இருந்தது. மெல்லும் சத்தம் மட்டும் துல்லியமாக இருந்தது.

இருக்கிற ஒரு காது.

நான் அக்காவின் கையைப் பிடித்தேன். "அக்கா, எனக்குக் காது போகுது."

காது டாக்டர் ஒரு மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் திரையில் காட்டினார். முதலில் வலது காது. அவர் என் இடது பக்கம் குனிந்து உரக்கப் பேசினார்.

"இந்தப் பக்கம் சவ்வே இல்லம்மா. எப்பவோ போயிருக்கு. இதுல எதுவும் கேக்க வாய்ப்பில்ல."

"கேட்டுச்சு டாக்டர். நாலு நாளா."

அவர் குழாயை வெளியே எடுத்துத் துடைத்தார். குழாய் இடது பக்கம் நுழைந்தது. மஞ்சள் பசை. அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சவ்வு. அதன் கீழ்ப் பாதியைக் காணவில்லை. போன இடத்தின் விளிம்பில் வரிசையாகச் சின்னச் சின்ன அரைவட்டங்கள்.

அக்காதான் சொன்னாள். "ரொட்டியக் கடிச்சு வச்ச மாதிரி இருக்கே, டாக்டர்."

சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் திரையின் பக்கமாக நகர்ந்து வெகு நேரம் பார்த்தார். "பூச்சி ஏதாவது போச்சா?" என்று கேட்டார். உறிஞ்சு கருவியை விட்டார். எவர்சில்வர் தட்டில் வந்து விழுந்தது ஒரு வெளிறிய துணுக்கு, சோற்றுப் பருக்கை அளவில். ருசி தீர்ந்து துப்பிய சக்கை மாதிரி இருந்தது. அது என்னுடையது. என் காதின் ஒரு பகுதி. நான் அதைப் பார்க்காமலிருக்கத் தட்டை அக்கா தலைகுப்புறக் கவிழ்த்தாள். நான் வாஷ்பேசினுக்கு ஓடினேன்.

"பாதி இருக்கு" என்றார் டாக்டர், நான் திரும்பி வந்ததும். "கவனமா பாத்துக்கிட்டா இந்தக் காது பிழைச்சுக்கும். சொட்டு மருந்து தரேன். அதத் தவிர இந்தக் காதுல இனிமே எதையும் விடக்கூடாது. எதையுமே."

எறிந்த இயர்பட்டை அன்றே கரண்டியால் தள்ளிப் பெட்டிக்குள் போட்டு மூடியிருந்தேன். ஏழாம் நாள் அந்தப் பெட்டியைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து அலுவலகத்துக்கு எடுத்துப்போனேன். கேமராக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வலது காதைப் பற்றியும்.

"இதையா இத்தனை நாள் மறைச்ச? என்கிட்டச் சொல்லியிருந்தா நான் கேட்டுச் சொல்லியிருப்பேனேம்மா" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கையுறை போட்டுக்கொண்டு பெட்டியைத் திறந்தார்.

உள்ளே இரண்டும் பளபளவென்று இருந்தன. பசை இல்லை, கறை இல்லை. வலையின் துளைகள்கூடச் சுத்தமாக இருந்தன. பெட்டியின் மூலை முடுக்கெல்லாம் சுத்தம்.

"துடைச்சியா?"

"தொடவே இல்லண்ணா."

"இது துடைச்சது இல்ல" என்றார் அவர் மெதுவாக. "நக்கினது."

அதை அவர் அப்படியே மூடி, மூன்று மாடியும் இறங்கிப் போய், எங்கோ போட்டுவிட்டு வந்தார். எங்கே என்று நான் கேட்கவில்லை. ஆசிரியரிடம் உண்மையைச் சொன்னேன். பழைய ஐந்து கட்டுரைகளும் நீக்கப்பட்டன. எனக்கு மேசை விளக்குகளைக் கொடுத்தார்கள்.

பத்து நாளில் மெல்லும் சத்தம் நின்றது. குழாய்த் தண்ணீர் எங்கள் வீட்டுக்குத் திரும்பி வந்தது. அக்காவின் திட்டு முழுசாகக் கேட்டது. வலது பக்கம் எப்போதும் போல இருட்டு. அந்த இருட்டுக்காக முதல் முறையாக நன்றி சொன்னேன்.

இன்று மதியம் கடைசிச் சொட்டு மருந்து. ஜன்னலோரம், நல்ல வெயிலில், அக்காவின் மடியில் பக்கவாட்டில் படுத்தேன். வலது காது அவள் மடியில் புதைந்திருந்தது, முகம் ஜன்னலைப் பார்த்திருந்தது. அக்கா மூன்று சொட்டு விட்டாள். மருந்து குளிர்ச்சியாக இறங்கும் சத்தம் எனக்குத் தெளிவாகக் கேட்டது. எவ்வளவு அழகான சத்தம்.

"நல்லா கேக்குதாடி?"

"உன் மூச்சுகூடக் கேக்குது."

"அப்ப நானும் கேட்டுப் பாக்குறேன், உள்ள மூளை கீளை இருக்கான்னு" என்று சிரித்தபடி குனிந்து, தன் காதை என் காதோடு ஒட்டிவைத்தாள். இரண்டு நொடி இருக்கும்.

வெடுக்கென்று நிமிர்ந்தாள். தன் காது மடலைப் புறங்கையால் அழுத்தித் துடைத்தாள். திரும்பவும் துடைத்தாள்.

"ச்சீ! எதுக்குடி என் காதை நக்குற?"

என் முகம் ஜன்னல் பக்கம் இருந்தது. என் வாய் மூடியிருந்தது.