மட்கார்டுக்குப் பின்னால் ஒரு கை

1952-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் இரண்டு மணிக்கு, ராயபுரத்தில் பாஸ்கல் வீட்டு ஓலைக் கொட்டகைக்குள் துரையின் கறுப்பு ஆஸ்டின் கார் வந்து நின்றது. பாஸ்கல் ஒரு கப்பல் கம்பெனியில் ஹெட் கிளார்க். பூசைக்குப் போனாலும் டை கட்டிக்கொண்டுதான் போவார். ஆண்டவரும் ஒரு மேலதிகாரிதானே.

கம்பெனியின் வெள்ளைக்காரத் துரை பெங்களூருக்குப் போயிருந்தார். டிரைவர் லீவு. கார் சாவி பத்திரத்துக்காக பாஸ்கலிடம் இருந்தது. அவர் அதை எடுத்துக்கொண்டு எண்ணூரில் ஒரு ஞானஸ்நான விருந்துக்குக் காரிலேயே போய் இறங்கினார். திரும்பும் வழியில், திருவொற்றியூரில், ஒரு மாட்டுவண்டியின் அச்சு அவருடைய அந்தஸ்து தெரியாமல் முன்பக்க மட்கார்டில் சொம்பு அளவுக்குக் குழி பறித்துவிட்டது.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திரும்பி வரும் துரையை சென்ட்ரலில் காரில் ஏற்றிக்கொள்ள வேண்டும். அவர் கண்ணில் குழி பட்டால் வேலை போய்விடும். பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் அந்தக் காரைத் தெரியும். குழியைத் தானே எடுத்துவிடுவது என்று தீர்மானித்தார். முறையை ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தார். உள்ளே கனமாக, வழவழப்பாக ஏதாவது ஒன்றை ஒருவர் அழுத்திப் பிடிக்க வேண்டும். வெளியே மரச்சுத்தியால் ஓரத்திலிருந்து மெல்லத் தட்டி வர வேண்டும்.

கனமாக, வழவழப்பாக ஒன்று பக்கத்துக் குடிசை வாசலில் இருந்தது. கட்டுமரத்துக்கு நங்கூரமாகக் கட்டும் கல். கோவிந்தம்மாவின் புருஷன் ஜெயவேல் கடலுக்குப் போய் நாற்பது நாளாகிறது. கட்டுமரமும் கல்லும் கரைக்கு வந்தன, ஆள் வரவில்லை. உடல் கிடைக்கும்வரை கல்லை யாரும் நகர்த்தக் கூடாது என்பது குப்பத்து வழக்கம்.

"அத்தத் தொடாதீங்க," என்றாள் மனைவி ரோசி. "கடைசியா அவரு கை பட்ட கல்லு."

"கல் என்பது கல், ரோசி. நான் மெட்ரிகுலேஷன்."

ரோசி முணுமுணுத்தபடி காருக்கு அடியில் பாய் போட்டுப் படுத்து, கையை மேலே நுழைத்துக் கல்லைப் பிடித்தாள். பாஸ்கல் சத்தத்துக்குப் பயந்து காதில் பஞ்சு அடைத்துக்கொண்டார்.

தட்டினார். கொஞ்ச நேரம் தகரம் மசியவில்லை. பிறகு, திடீரென்று, மசிந்தது.

"மேலே," என்றார். கல் மேலே போனது.

போகப் போகச் சொல்லக்கூடத் தேவைப்படவில்லை. சுத்தி போகும் இடத்துக்குக் கல் முன்னாலேயே போய்க் காத்திருந்தது. மனைவிக்கு இத்தனை புத்தியா என்று பாஸ்கல் லேசாக வருத்தப்பட்டார். கொட்டகைக்குள் பாசி வாடை அடித்தது. அவர் பாதத்தின் பக்கம் தண்ணீர் கசிந்து வந்தது.

நிமிர்ந்தார்.

எதிரே ரோசி நின்றாள். கையில் கருவாட்டுப் பொட்டலம்.

"பஞ்சை எடுங்க மொதல்ல!" அவளே அதைப் பிடுங்கி எறிந்தாள். "அம்மா வூட்டுக்குப் போய்ட்டு வரேன்னு கத்திட்டுத்தானே போனேன்? ஒரு மணி நேரமாச்சி."

சுத்தி அந்தரத்தில் நின்றது.

மட்கார்டுக்கு உள்ளிருந்து ஒரு தட்டு.

டொக்.

ரோசியின் கையிலிருந்து பொட்டலம் விழுந்தது. "யாருங்க உள்ள?"

பாஸ்கல் குழியைப் பார்த்தார். இன்னும் அரை அங்குலம் பாக்கி. பயப்பட வேண்டியவர்கள் வரிசையில் அவருக்குத் துரைதான் முதல்; செத்தவர்கள் எல்லாம் பின்னால்தான் நிற்க வேண்டும்.

"சும்மா இரு," என்று கிசுகிசுத்தார். "நல்லா புடிக்கிறான்."

ஐந்து மணிக்குத் தகரம் கண்ணாடி மாதிரி ஆயிற்று. பெயிண்ட் போன இடத்தில் பூட்ஸ் பாலிஷைத் தேய்த்தார். குனிந்து பார்த்தார். பாயில் யாரும் இல்லை. கல் மட்டும் நனைந்து கிடந்தது. சுற்றிலும் கடல் மணல்.

கல்லை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பும்போது கோவிந்தம்மா வெளியே வந்தாள். அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். திட்டவில்லை. அழவில்லை.

"கல்லக் கொண்ணாந்துட்ட, கிளார்க்கு நைனா. அவர எங்க வுட்டுட்டு வந்த?"

அவர் விறுவிறுவென்று வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை துரை காரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வேலை பிழைத்தது.

செவ்வாய்க்கிழமை காலை பாஸ்கல் சவரக் கண்ணாடி முன் உட்கார்ந்தார். கடைவாய்ப் பற்களைப் பிடுங்கிய நாள் முதல் அவருடைய இடது கன்னம் ஒட்டிப்போய்க் கிடந்தது. இன்று அது உப்பியிருந்தது.

விரலால் தொட்டார். உள்ளே ஏதோ ஒன்று, குளிர்ந்து, வழவழப்பாக, அழுத்திக்கொண்டிருந்தது.

வாயைத் திறந்து பார்த்தார். ஒன்றுமில்லை. நாக்கில் உப்பு கரித்தது.

ஒன்பது மணிக்கு ஆபீஸ். கத்தியைக் கீழே வைத்தார். பிரஷ்ஷின் கட்டையால் கன்னத்தில் மெல்ல ஒரு தட்டுத் தட்டினார்.

அது நகர்ந்து, கண்ணுக்குக் கீழே போய் நின்றுகொண்டது.