சராசரி முகம்

மகள் ரிசீவரைக் காதில் வைத்திருந்தாள். அதன் பேசும் முனை அவள் உதட்டுக்கு நேராக இருந்தது. அப்படி இருக்கக் கூடாது.

செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அப்பா வாசலிலேயே நின்றுவிட்டார். தொலைபேசித் தொழிற்சாலையில் அவருக்குக் 'காதுவாய்க்காரர்' என்று பட்டப்பெயர். வீட்டுக்கு வீடு வரப்போகும் புதுப் போனின் ரிசீவரை வடிவமைத்தவர் அவர்தான். அகப்பட்ட முகத்தையெல்லாம் காதிலிருந்து வாய்வரை அளந்து, கூட்டி வகுத்து, கிடைத்த சராசரிக்கு அதை வளைத்திருந்தார். மனிதர் எல்லோருக்கும் நூலளவாவது முன்னே பின்னே இருந்தது. கச்சிதமாகப் பொருந்தியது அதே அளவில் செய்த மரத்தலைக்கு மட்டும்தான். "யாருக்குமே இல்லாத மூஞ்சிக்கு எதுக்குங்க போன்?" என்று மனைவி கேலி செய்வாள்.

மாதிரிப் போன் ஒன்றை மகள் விளையாட வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார். ஆறு வயதுக்காரி. காதில் வைத்தால் மறுமுனை கழுத்துக்குப் போய்விடும். நேற்றுகூட அப்படித்தான் போனது.

மழைக்கு இருட்டிக்கொண்டு வந்த மாலை; சமையலறைக் குழாய் சொட்டும் சத்தமும், சூடேறிய பேக்கலைட் பிளாஸ்டிக்கின் காரவாடையும், பலபேர் ஒரே நேரத்தில் மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது போன்ற ஓர் இறுக்கமும் கூடத்தில் நிறைந்திருந்தன.

"யார்கிட்டம்மா பேசறே?"

"பேசலப்பா, கேக்கறேன். நிறைய பேரு இருக்காங்க. அசையாதேன்னு சொல்றாங்க. அளவு எடுக்கறாங்களாம்."

அசையாதீங்க. முகம் அளக்கும் காலிப்பர் கவையைக் கையில் வைத்துக்கொண்டு அத்தனை முகங்களிடமும் அவர் சொன்ன சொல். வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை.

போனின் வயர் எதிலும் செருகப்படாமல் தரையில் கிடந்தது.

"கீழ வச்சிரு, கண்ணு."

அவள் வைக்கவில்லை. பிடுங்கினார். ரிசீவர் கையோடு வந்தது.

ரிசீவரின் நீளத்துக்கு இழுபட்டிருந்த அவள் தாடை பழைய இடத்துக்குப் போகவில்லை.

அவள் சிரித்தாள். பால்பற்களுக்கு நடுவே விரல் நுழையும் இடைவெளி.

"ஏய், இங்க வா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். பிறகு, என்ன செய்கிறோம் என்று தெரியாமலே ரிசீவரைத் தன் காதில் வைத்துக் கெஞ்சினார்.

"குழந்தைய விட்டுடுங்க. என்னை அளந்துக்குங்க."

காதில் மூச்சு மட்டும். பலருடைய மூச்சு. குட்டை முகம் அவருக்கு. பேசும் முனை எப்போதும் உதட்டுக்குக் கீழே தொங்கும். இப்போது உதட்டைத் தொட்டது. கை அசையவில்லை. நாக்கும் அசையவில்லை.

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி இருட்டில் வந்தாள். மகள் அவர் கையிலிருந்து ரிசீவரை எடுத்து நீட்டினாள்.

"அம்மா, உனக்குத்தான்."

வாங்காதே. தொடாதே. சொல்ல முடியவில்லை.

"எனக்கா? குடு, குடு. யாருடி லைன்ல?"

விளையாட்டென்று நினைத்துச் சிரித்தபடியே காதில் வைத்தாள். பாதிச் சிரிப்பில் அப்படியே நின்றாள்.

இருட்டில் அவள் தாடை மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.