மேல்தாள் உரித்த பிறகு

காலையில் எழுந்தான். பல் தேய்த்தான். பால் பாக்கெட்டை வெட்டி, பாதியைக் காய்ச்சி, மீதிக்குக் கிளிப் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தான். குளித்தான். நகம் வெட்டினான். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, மறுபடியும் கழுவினான். விரலில் துளி எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் டேப் பிடிக்காது. படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டான். கூடத்து மேசை விளக்கைப் போட்டு வேலைக்கு உட்கார்ந்தான்.

மனைவி போன பிறகு அவன் கூடத்தில்தான் படுக்கிறான்.

பழைய ஃபிலிம் கேமராக்களைச் சரிசெய்து கொடுப்பது அவன் தொழில். அவற்றின் உடம்பைச் சுற்றிக் கறுப்புத் தோல் ஒட்டியிருக்கும். முக்கியமான திருகுகள் அதற்கடியில்தான் ஒளிந்திருக்கும். தோலை உரித்தால்தான் உள்ளே போக முடியும். வேலை முடிந்ததும் அதே அளவுக்கு டபுள் சைடு டேப் வெட்டி, தோலைத் திரும்ப ஒட்ட வேண்டும். சிலர் பசை தடவுவார்கள். பசை வழிந்து ஷட்டருக்குள் இறங்கினால் கேமரா அதோடு சரி. டேப் சுத்தம். ஒரே ஒரு தொல்லை, மேல்தாளை உரித்துவிட்டால் கீழே வைக்க முடியாது. வைத்த இடத்தில் பிடித்துக்கொள்ளும். தூசி, முடி எல்லாம் வந்து அப்பும். ஒட்டி முடிக்கும்வரை இரண்டு கையும் அதற்கே அடிமை.

அன்று மழை மூட்டம். முற்பகலிலேயே வீடு இருண்டு கிடந்தது. மாமியார் வந்தார். குடையை வாசலில் சாய்த்துவிட்டு, துணிப்பையிலிருந்து ஒரு கேமராவை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"என்ன மாப்பிள்ளை, ஊருக்கெல்லாம் கெட்டியா ஒட்டிக் குடுக்குறீங்க. மாமியாருக்கு மட்டும் எச்சில் தொட்டு ஒட்டினீங்களா?"

முன்பக்கத் தோல் ஒரு மூலையில் எழும்பி, நாய்க் காதுபோல் மடங்கி நின்றது.

"உக்காருங்க அத்தை. டீ போடவா?"

"டீ கெடக்குது. முதல்ல இதைப் பாருங்க. அவ பொறந்தப்ப அவங்கப்பா இதுலதான் படம் எடுத்தார்."

பார்க்க அவனுக்குப் பிடிக்கவில்லை. அவள் இறந்த அன்று அவன் கையில் இருந்தது இந்தக் கேமராதான்.

மாமியார் நாற்காலியில் சாய்ந்து, முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"'அம்மாவை ஒண்டியா விட்டுடாதீங்க'ன்னு சொல்லிட்டுப் போனாளே மாப்பிள்ளை. அந்த ஒரு வார்த்தையைப் புடிச்சுக்கிட்டுத்தான் ராத்திரி கண்ணை மூடுறேன்."

அவன் தலையை ஆட்டினான்.

அவள் அப்படிச் சொல்லவில்லை. சாவு வீட்டுக் கூட்டத்தில் யாரோ, "கடைசியா என்னப்பா சொன்னா?" என்று கேட்டார்கள். எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். வாயில் வந்ததைச் சொல்லிவைத்தான். அது மாமியாருக்கு மருந்தாகிவிட்டது. வரும்போதெல்லாம் அதைச் சொல்வார். சொல்லும்போதெல்லாம் அவனுக்குக் காது மடல் சுடும்.

எழும்பிய மூலையை இடுக்கியால் பிடித்து மெல்ல இழுத்தான். சர்ர்ரென்று டேப் தோலோடு வந்தது. மஞ்சளிக்கவில்லை, காயவில்லை. நேற்று ஒட்டியதுபோல் பளபளத்தது. எழும்ப ஒரு காரணமும் இல்லை.

ஒரு வாசனை வந்தது. மூச்சுத் திணறும்போது அவள் நெஞ்சில் தேய்த்துக்கொள்ளும் தைலம்.

டேப்பின் நடுவில் ஒரு கட்டைவிரல் ரேகை பதிந்திருந்தது. அவனுடையதாக இருக்கும் என்று விளக்கில் காட்டினான். சின்ன விரல். ரேகையைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு கோடு. தோல் வெட்டப் பழகிய நாளில் அவள் கட்டைவிரலைப் பிளேடு கிழித்த தழும்பு.

இந்தக் கேமராவுக்கு அவள் டேப் ஒட்டியதே இல்லை. இது வேலைக்கு வரும்போது அவள் படுத்த படுக்கை.

ரேகை இருந்தது உலோகத்தைப் பார்த்த பக்கத்தில்.

உள்ளேயிருந்து அமுக்கியதுபோல.

"என்ன மாப்பிள்ளை?"

"ஒண்ணுமில்ல அத்தை. அழுக்கு."

பழைய டேப்பைச் சுரண்டி, ஸ்பிரிட் போட்டுத் துடைத்தான். புது டேப்பைத் தோலின் முதுகில் ஒட்டி ஓரம் வெட்டினான். மேல்தாளை உரித்தான். தோலை இரண்டு ஓரத்திலும் பிடித்துக் கேமராவுக்கு மேலே நிறுத்தினான்.

சாத்திய அறையில் கட்டில் கிறீச்சிட்டது.

மாமியார் குரலைத் தாழ்த்தினார். "உள்ள யாரு?"

"யாரும் இல்ல."

"யாரோ பொரண்டு படுக்குறாங்க."

மழை ஓய்ந்தாற்போல் இருந்தது. அந்த அமைதியில் மூச்சு கேட்டது. இழுத்தது. நின்றது. மறுபடி இழுத்தது.

"ஏங்க..."

அவன் வாய் தானாகத் திறந்தது.

"இதோ, ஒட்டிட்டு வர்றேன்மா."

சொன்ன பிறகுதான் சொன்னது உறைத்தது. இன்னொரு தடவை வாய்ப்புக் கிடைத்தும் அதையேதான் சொல்லியிருக்கிறான்.

மாமியார் கதவைப் பார்த்தார். பிறகு அவன் கையைப் பார்த்தார்.

"அன்னிக்கும் கூப்பிட்டாளா?"

"கூப்பிட்டா."

"இதையேதான் சொன்னீங்களா?"

"கையில டேப் இருந்துச்சு அத்தை. மேல்தாள் உரிச்சுட்டேன். தண்ணிக்குத்தான் கூப்பிடுறான்னு நெனச்சேன்."

"ஒட்டி முடிச்ச உடனே போனீங்கள்ல?"

பொய் சொல்லிவிடலாம். ஒரு பொய்யோடு இன்னொன்று.

"இல்ல. ஓரமெல்லாம் துடைச்சேன். வெளிச்சத்துல திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நல்லா வந்திருந்துச்சு."

அதைச் சொல்லும்போது அவனால் தலை நிமிர முடியவில்லை. உள்ளங்கை அகலத் தோல். தூக்கி எறிந்துவிட்டு ஓடியிருக்கலாம். அதில் தூசி படக்கூடாது என்று பார்த்துக்கொண்டிருந்தான். உள்ளே போனபோது அவளுக்கு மூச்சு இல்லை.

"அப்ப, அம்மாவை விட்டுடாதீங்கன்னு..."

"அது நான் சொன்னது. அவ சொல்லல."

மாமியார் அழவில்லை. நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். இத்தனை நாள் பிடித்துக்கொண்டிருந்ததை அவன் பிடுங்கிவிட்டான். வேறு பிடிக்க அவருக்கு எதுவும் இல்லை.

தோலைக் கீழே போடப் பார்த்தான். விழவில்லை. விரலோடு ஒட்டியிருந்தது. உதறினான்.

தோலுக்கு அடியில் ஒரு கட்டைவிரல் அவன் கட்டைவிரலைத் தொட்டது.

சூடாக இருந்தது.

அழுத்தியது. மூலை மடங்காமல் பிடிக்கச் சொல்வதுபோல, பக்குவமாக.

"மாப்பிள்ளை." மாமியாரின் குரல் கிசுகிசுப்பாக வந்தது. "எம் பொண்ணு என்னதான் சொன்னா? இந்தத் தடவை உள்ளதைச் சொல்லுங்க."

"'சரி, மெதுவா வாங்க'ன்னா," என்றான். அதற்கு மேலும் ஒன்று சொல்லியிருந்தாள். அந்த மீதியை அவன் யாரிடமும் சொன்னதில்லை.

சாத்திய கதவுக்குப் பின்னாலிருந்து, ஒரு மூச்சுக்கும் அடுத்த மூச்சுக்கும் நடுவே, அன்று சொன்ன அதே குரலில் அது வந்தது.

"கோணலா ஒட்டிடாதீங்க."